வயசானவங்களைப் பாத்துக்கிற வேலைக்குப் பயிற்சி: முதல் நாள் எதுல ஆரம்பிக்கலாம்?

உச்சிப்புளி நர்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கத்துப் பொண்ணுங்களைச் சேர்த்து, வயசானவங்களைப் பாத்துக்கிற வேலைக்கு ஒரு பயிற்சி ஆரம்பிக்கிறோம். நான் அரசு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ. இந்த மாதிரி வகுப்புல வழக்கமா என்ன சொல்லிக்குடுப்பாங்கன்னு தெரியும்: பிரஷர் பாக்க, சுகர் குத்திப் பாக்க, படுக்கையில வெச்சே உடம்பு துடைக்க, டயப்பர் மாத்த, மாத்திரை டப்பா அடுக்க. எல்லாம் வேணும். ஆனா இதுல ஆரம்பிச்சா, பேஷண்ட்னா செஞ்சு முடிக்க வேண்டிய வேலைன்னு அந்தப் பொண்ணு மனசுல பதிஞ்சு போயிடுது. அப்புறம் அதை அழிக்கிறது கஷ்டம்.

என் யோசனை இது. முதல் நாள் பிரஷர் மிஷினைப் பொட்டியை விட்டே எடுக்க வேணாம். ஆளுக்கு ஒரு தாள் குடுப்போம். பாத்துக்கப் போறவர் என்ன தொழில் பண்ணுனார், எத்தனை மணிக்கு எந்திரிச்சுப் பழக்கம், டீயா காப்பியா, என்னன்னு கூப்பிட்டா பிடிக்கும், எந்தக் காது நல்லாக் கேக்கும், எதுக்குப் பயம், குளிக்கிறது காலையிலயா சாயங்காலமா, யாரு தொட்டாக் கூசும். இதையெல்லாம் கேட்டு எழுதிட்டு வந்தாத்தான் அடுத்த வகுப்பு.

வீட்டுல பெரியவங்களை வெச்சிருக்கிறவங்களும், இந்த வேலைக்குப் போறவங்களும் சொல்லுங்க. இது சரியா வருமா?

சாயல்குடி வாத்தியார்

அம்மா, கோவிச்சுக்காதீங்க. டீயா காப்பியான்னு கேக்க ஒரு பயிற்சியா? எங்க அப்பத்தா படுத்த படுக்கையாக் கிடந்தப்ப எங்க அம்மாவும் சித்தியும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டாங்க. ஒருத்தரும் தாள் எழுதலை. பெத்தவங்களைக் கூலிக்கு ஆள் வெச்சுப் பாக்கிற காலம் வந்ததுதான் இங்க கோளாறு. பயிற்சி குடுத்தா பாசம் வந்துருமா?

தங்கச்சிமடம் மருமகள்

//எங்க அம்மாவும் சித்தியும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டாங்க//

அப்பாவும் சித்தப்பாவும் எங்க சார் போயிருந்தாங்க? :)

எங்க மாமனார் கதையைச் சொல்றேன். சின்ன வயசுல இருந்து வல்லத்துல கடலுக்குப் போனவர். இப்ப மறதி நோய். ராத்திரி 2 மணி ஆனா எந்திரிச்சுக் கதவைத் தட்டுவார். கத்துவார். டாக்டர்கிட்ட சொன்னோம், தூக்க மாத்திரை எழுதினார். அதைப் போட்டதும் மறுநாள் காலையில தள்ளாடி வாசப்படியில விழுந்துட்டார். நல்ல வேளை எலும்புக்கு ஒண்ணுமில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியப்பாதான் சொன்னார்: "ஏம்மா, ஆயுசு பூரா 2 மணிக்குக் கடக்கரைக்குப் போன மனுசன் அந்நேரம் முழிக்காம எந்நேரம் முழிப்பாரு?" அதுக்கப்புறம் நான் கதவைத் திறந்து விட்டு, கூடவே போய்த் திண்ணையில உக்காருவேன். சூடா ஒரு கட்டஞ்சாயா. கொஞ்ச நேரம் காத்து அடிக்கிற பக்கம் மூஞ்சியைக் காட்டிட்டு இருப்பார். அப்புறம் அவராவே "காத்து சரியில்லை, இன்னைக்கு வேணாம்"னு சொல்லிட்டு உள்ள வந்து படுத்துருவார். மாத்திரையை டாக்டர்கிட்ட கேட்டு நிறுத்தியாச்சு. பகல்ல கிழிஞ்ச வலைத் துண்டும் ஊசியும் குடுத்து வெச்சிருக்கோம். கண்ணு சரியாத் தெரியாது, ஆனா விரலுக்கு முடிச்சு மறக்கலை.

தாள் எழுதுங்க அக்கா. நானே ஒண்ணு எழுதித் தர்றேன்.

உச்சிப்புளி நர்ஸ்

மருமகளே, இதைத்தான் இங்கிலாந்துல டாம் கிட்வுட்னு ஒரு உளவியல் அறிஞர் சொன்னார். பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல இருந்தவர், 1997ல விரிவா எழுதினார். மறதி நோயாளிக்கு மூளை தேயுறதால வர்ற கஷ்டம் பாதின்னா, சுத்தி இருக்கிறவங்க நடத்துற விதத்தால வர்ற கஷ்டம் மீதின்னு அவர் வாதம். குழந்தை மாதிரி கொஞ்சிப் பேசுறது, அவசரப்படுத்துறது, ஆள் இருக்கும்போதே அவரைப் பத்தி அடுத்தவங்ககிட்ட பேசுறது, ஏமாத்தி ஒரு காரியத்தைச் செய்ய வைக்கிறது, இதெல்லாம் நோயோட சேந்து மனுசனைக் குலைச்சிடும்னார். மனுசனுக்கு வேணும்னு அவர் சொன்னது: ஆறுதல், ஒட்டுதல், கூட்டத்துல ஒருத்தரா இருக்கிறது, கைக்கு ஒரு வேலை, தான் யாருங்கிற அடையாளம். நடுவுல அன்பு. உங்க மாமனாருக்கு அந்த வலைத் துண்டு ரெண்டு மூணு வேலையை ஒண்ணாச் செய்யுது.

வாத்தியார் சார், பாசம் பயிற்சியால வராதுதான். ஆனா பாசம் இருக்கிற வீட்டுலயே படுக்க வெச்சுத் தண்ணி ஊத்தி நுரையீரலுக்குள்ள போனதை நான் வார்டுல நிறையப் பாத்திருக்கேன்.

கீழக்கரையான், துபாய்

அஸ்ஸலாமு அலைக்கும். எங்க உம்மா கீழக்கரையில இருக்காங்க. நாங்க பிள்ளைங்க எல்லாம் வெளிநாட்டுல. ஒரு ஏஜென்சி மூலமா ஆள் வெச்சோம், பேரு வேணாம். அந்தப் பொண்ணு நல்ல பிள்ளைதான், திருடலை, அடிக்கலை. ஆனா வேர்க்குதுன்னு உம்மாவோட முக்காட்டை எடுத்து மடிச்சு வெச்சிருக்கு. கேஸ் அடுப்பு பாக்க வந்த ஆம்பளை அந்தக் கோலத்துல உம்மாவைப் பாத்துட்டான். உம்மா ரெண்டு நாள் சாப்பிடலை. அந்தப் பொண்ணுக்கு ஏன்னே புரியலை. நல்லதுக்குத்தானே செஞ்சேன்னு அழுவுது.

இன்னொண்ணு. உம்மாவுக்குச் சுகர். நோன்பு வெச்சே தீருவேங்கிறாங்க. வயசானவங்க, நோயாளிங்க வைக்க வேண்டியதில்லை, ஃபித்யா (நோன்புக்குப் பதிலா ஏழைக்குச் சாப்பாடு) குடுத்தாப் போதும்னு ஆலிம் சொல்லியும் கேக்கலை. பாத்துக்கிற பிள்ளைகிட்ட "பகல்ல கட்டாயப்படுத்திக் கஞ்சி குடுத்துடு"ன்னு போன்ல சொல்லிட்டேன். சரிதானே?

உச்சிப்புளி நர்ஸ்

வ அலைக்கும் ஸலாம் தம்பி. சரியில்லை. உம்மாவுக்குப் புத்தி தெளிவா இருக்கு, தான் என்ன செய்யுறோம்னு தெரியுது. அப்ப முடிவு அவங்களோடது. வாயைத் திறந்து ஊத்துற உரிமை உங்களுக்கும் இல்லை, அந்தப் பிள்ளைக்கும் இல்லை.

ஆனா அப்படியே விட்டுடுறதும் கிடையாது. ரமலானுக்கு முந்தியே டாக்டரைப் பாத்து மாத்திரையோ இன்சுலினோ நேரத்தையும் அளவையும் மாத்திக்கணும். சில மாத்திரை நோன்போட சேந்தா சுகரைக் கீழ இறக்கிடும். பகல்ல விரல் குத்திப் பாக்கலாம், அதனால நோன்பு முறியாதுன்னு உலமாக்களே சொல்றாங்க. 70க்குக் கீழ போனாலும் 300க்கு மேல ஏறினாலும் அந்த நிமிஷமே நோன்பைத் திறந்துடணும்னு உம்மாகிட்டயே பேசி, அவங்க வாயால சம்மதம் வாங்கி வைங்க. பாத்துக்கிற பிள்ளைக்கு வேலை அந்தக் காவல்தான்.

முக்காடு விஷயத்தைத் தாள்ல முதல் வரியாப் போடுறேன். ஒளு (தொழுகைக்கு முன்னாடி கை, கால், முகம் கழுவுறது) செய்யத் தண்ணி தொட முடியாத நிலைமைன்னா தயம்மும் (சுத்தமான மண்ணைத் தொட்டுத் தடவிக்கிறது) இருக்கு, கட்டில்ல உக்காந்தே தொழலாம், தொழுகைத் திசைக்குக் கட்டிலை எந்தப் பக்கம் திருப்பிப் போடணும், இதெல்லாம் இந்து வீட்டுப் பொண்ணும் கிறிஸ்தவ வீட்டுப் பொண்ணும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கீழக்கரைக்குப் போகணும். அதே மாதிரி முஸ்லிம் பொண்ணு தங்கச்சிமடத்துக்குப் போனா செபமாலை எங்க இருக்குன்னு தெரியணும்.

பாம்பன் பாசி

எல்லாரும் நல்லாத்தான் பேசுறீங்க. நான் இந்த வேலை பாக்கிறவ. பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும், நடப்பைச் சொல்றேன்.

எங்க அம்மா கடல்பாசி எடுக்கப் போனவங்க. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைப் பாசி. விரல்ல துணி சுத்திக்கிட்டுப் பாறையில பிச்சு எடுத்து முட்டி தேஞ்சு போச்சு. நான் அதுக்குப் போகாம வெளியூர்ல ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனேன். ராத்திரி ஷிஃப்ட்ல நான் ஒரு ஆளு, கட்டில் பதினஞ்சு. ஒருத்தர் எந்திரிச்சா ரெண்டு பேர் விழுவாங்க. டீயா காப்பியான்னு கேக்கவா முடியும்? மேல இருக்கிறவங்க சொன்னது, எந்திரிக்கிறவங்களைத் துண்டால கட்டில்ல கட்டிடு. கட்டினேன். வேற வழி தெரியலை, சொல்லித்தரவும் ஆள் இல்லை.

வீட்டு வேலைக்குப் போனா இன்னொரு கூத்து. பாட்டிக்கு மலம் அள்ளுறதும் நான், வாய் கழுவி விடுறதும் நான். எனக்குக் காப்பி மட்டும் தனி டம்ளர், கொல்லைப்பக்கம். பெரியவங்களை மனுசனா நடத்தணும்னு எனக்கு வகுப்பு எடுக்கிறதுக்கு முன்னாடி, அந்த டம்ளரைப் பத்தி அந்த வீட்டுக்காரங்களுக்கு யாராச்சும் வகுப்பு எடுங்க.

ஏர்வாடிப் பக்கம்

பாசி அக்கா கட்டுறதைப் பத்தி எழுதினதால இதைச் சொல்றேன். 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலை. ஏர்வாடியில ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில தீப்பிடிச்சுது. உள்ள இருந்தவங்களைச் சங்கிலியால கட்டி வெச்சிருந்தாங்க. ஓட முடியலை. 28 பேர் செத்தாங்க. உச்ச நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கா எடுத்துச்சு. 2017 மனநலச் சட்டம் எந்த விதத்துலயும் சங்கிலி போடக்கூடாதுன்னு 95ஆம் பிரிவுல எழுதி வெச்சிருக்கு.

எங்க ஊர்ப் பேரைச் சொன்னாலே வெளியூர்க்காரங்க அதைத்தான் கேப்பாங்க. துண்டு மெத்துனு இருக்கே, சங்கிலி இல்லையேன்னு நினைக்காதீங்க. தீ வந்தா ரெண்டும் ஒண்ணுதான்.

மண்டபம் பிசியோ

தீ வராட்டியும் கேடுதான். கட்டி வெச்சவங்க இழுத்து உருண்டு கழுத்துல துண்டு சிக்கிக்கும், படுக்கையில சிறுநீர் போய் புண்ணு வரும், நாலு நாள்ல கால் தசை இறங்கிடும். அப்புறம் உண்மையிலேயே விழுவாங்க.

விழுவாங்கன்னு பயமா? கட்டிலை எடுத்துடுங்க. தரையில மெத்தையைப் போடுங்க. ஆயுசு பூரா பாயில படுத்த ஜனம் நம்மது, கம்பி வெச்ச கட்டில் நேத்து வந்தது. விழுந்தாலும் அரை அடிதான். ஆனா முட்டி பிடிச்சவங்களுக்கு இது ஆகாது, தரையில இருந்து எந்திரிக்க முடியாது. அவங்களுக்குத் தாழ்ந்த கட்டில். பாத்ரூம் போற வழியில ராத்திரி ஒரு சின்ன லைட். பாதிப் பேர் எந்திரிக்கிறது ஒண்ணுக்குப் போகத்தான்.

நர்ஸ் அக்கா, தாள் சரி, ஆனா தூக்கி உக்கார வைக்கிற பாடத்தைத் தள்ளிப் போடாதீங்க. பக்கவாதத்துல விழுந்துபோன கையைப் பிடிச்சு இழுத்தா தோள்மூட்டு இறங்கிடும், அந்த வலி லேசுல போகாது. நாற்காலியை நல்லா இருக்கிற பக்கம் போடணும். படுத்தவரை நேரா நிக்க வைக்காம கட்டில் விளிம்புல காலைத் தொங்கப் போட்டுக் கொஞ்ச நேரம் உக்கார வைக்கணும், இல்லைன்னா பிரஷர் இறங்கிச் சாஞ்சிருவார்.

படுக்கைப் புண்ணுக்குப் புத்தகத்துல "சிவந்து இருக்கும்"னு போட்டிருக்கும். அது வெள்ளைத் தோலுக்கு எழுதினது. நம்ம ஊர்க் கறுப்புத் தோல்ல சிவப்பு எங்க தெரியுது? குதிகால், இடுப்பு எலும்பு, முதுகு முடியிற இடம் மூணையும் விரல் வெச்சுத் தொட்டுப் பாக்கணும். சுத்தியிருக்கிற தோலை விடச் சூடா இருக்கா, கெட்டியா இருக்கா, நைஞ்ச மாதிரி இருக்கா, நிறம் கருநீலம் தட்டுதா. இருந்தா அதுதான் ஆரம்பம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும். திருப்பும்போது தரதரன்னு இழுத்தா அந்த உரசல்லயே தோல் கிழியும்.

சோறு ஊட்டுறதுக்கு ஒரு சோதனை. இதைப் படிக்கிறவங்க இப்பவே நல்லா அண்ணாந்து எச்சில் முழுங்கிப் பாருங்க. கஷ்டமா இருக்கா? படுக்க வெச்சு ஊட்டுறவங்க அதைத்தான் செய்யச் சொல்றாங்க. நிமிந்து உக்காரணும், தாடை லேசாக் கீழ. ஊட்டுறவங்க நிக்கக் கூடாது, நின்னா அவங்க அண்ணாந்து பாப்பாங்க. எதிர்ல உக்காந்து, தொண்டை ஏறி இறங்குறதைப் பாத்துட்டு அடுத்த வாய். கையால பிசைஞ்சு சாப்பிட்டுப் பழகினவங்களுக்கு ஸ்பூன் அந்நியமா இருக்கும். முள்ளு எடுத்த மீனும் சோறும் உருண்டை பிடிச்சு அவங்க கையிலயே வைங்க. பல பேர் தானா வாய்க்குக் கொண்டு போவாங்க.

உச்சிப்புளி நர்ஸ்

பிசியோ தம்பி, அந்த எச்சில் சோதனையை வகுப்புக்கு எடுத்துக்கிறேன். உருட்டிப் படுக்க வைக்கிறதையும் ஒருத்தரை ஒருத்தர் வெச்சே பழக்கப் போறோம். பொம்மை கிடையாது. மத்தவங்க தூக்கும்போது தன் உடம்பு எவ்வளவு பயப்படுதுன்னு படுத்துப் பாத்தாத்தான் தெரியும்.

வேற ஒண்ணு, எல்லாரும் குறிச்சுக்கோங்க. நேத்து வரைக்கும் தெளிவாப் பேசினவங்க இன்னைக்குத் திடீர்னு உளறினா அது மறதி நோய் இல்லை. ஒண்ணுக்குல கிருமி, உடம்புல தண்ணி இல்லாம, மலச்சிக்கல், புதுசா ஆரம்பிச்ச மாத்திரை, இது மாதிரி ஏதோ ஒண்ணா இருக்கலாம். அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும். நம்ம பக்கம் கிழவிங்க தண்ணியே குடிக்க மாட்டாங்க. கக்கூஸ் வெளிய இருக்கு, இருட்டுல யாரை எழுப்புறதுன்னு சாயங்காலம் 4 மணிக்கே நிறுத்திடுவாங்க. சித்திரை வெயில்ல இது போதும் ஆளைக் கவுக்க. "தண்ணி குடி, தண்ணி குடி"ன்னு அதட்டுறதை விட "ராத்திரி நான் கூட வர்றேன்"னு சொன்னா அவங்களே செம்பை எடுப்பாங்க.

பாசி, உனக்குப் பதில் சொல்லாம இல்லை. ஆளுக்கு ஒரு பேஷண்ட் இருக்கிற வீட்டு வேலையை மனசுல வெச்சுத்தான் நான் எழுதினேன். பதினஞ்சு கட்டிலுக்கு ஒரு ஆளுன்னா எந்தப் பயிற்சியும் எடுபடாது, அது இல்லம் நடத்துறவங்க தீக்க வேண்டியது. டம்ளர் விஷயம்: எங்ககிட்ட ஆள் கேக்கிற வீட்டுக்கு நாங்களும் ஒரு தாள் குடுக்கப் போறோம். என்ன கூலி, வாரத்துல எந்த நாள் லீவு, தூங்க எங்க இடம், எதுல சாப்பாடு. கையெழுத்துப் போடாத வீட்டுக்கு ஆள் கிடையாது.

சாயல்குடி வாத்தியார்

கையெழுத்துக் கேட்டா உங்ககிட்ட ஒரு வீடும் வராது, பாருங்க. இருந்தாலும் கேக்கிறது நியாயம்தான். அந்த அண்ணாந்து முழுங்குறதைச் செஞ்சு பாத்தேன். எங்க வீட்டுல என் தாயாருக்குச் சாய்வு நாற்காலியிலதான் ஊட்டுறாங்க. போய்ச் சொல்றேன்.

பேர் வேணாம்

இங்க கேக்கலாமான்னு தெரியலை. நான் பாத்துக்கிற தாத்தா குளிப்பாட்டும்போது கண்ட இடத்துல கை வைக்கிறார். வீட்டுல சொன்னா "அவருக்குப் புத்தி சரியில்லை, பொறுத்துக்கோ"ங்கிறாங்க.

உச்சிப்புளி நர்ஸ்

கேட்டது நல்லது. மறதி நோய்ல கூச்சத்தைக் கட்டுப்படுத்துற மூளைப் பகுதி கெட்டுப் போறது உண்டு. சில பேருக்குப் புத்தி நல்லாவே இருக்கும், வேணும்னே செய்வாங்க. ரெண்டுலயும் நீ பொறுத்துக்கணும்னு இல்லை. "கையை எடுங்க"ன்னு நிதானமா, சத்தமா சொல்லிட்டுத் துண்டைப் போத்திட்டு வெளிய வா. குளிக்கும்போது அவர் கையில சோப்பையோ செம்பையோ குடுத்து வை. குளிப்பாட்டுறதுக்கு ஆம்பளை ஆள் ஏற்பாடு பண்ணச் சொல்லு, முடியாதுன்னா வேலையை விடு. வேலை இடத்துல பாலியல் தொல்லையைத் தடுக்கிற 2013 சட்டத்துல வீட்டு வேலை பாக்கிறவங்களும் வர்றாங்க, மாவட்ட அளவுல புகார்க் குழு இருக்கு. எனக்குத் தனிச்செய்தி அனுப்பு, நான் கூட வர்றேன்.

ராமேஸ்வரம் தீவு

தாள்ல "எதுக்குப் பயம்"னு ஒரு வரி இருக்கில்ல, அதை அடிச்சுடாதீங்க. எங்க பெரியம்மா 1964 டிசம்பர் 22 புயல்ல தனுஷ்கோடியில இருந்து தப்பி வந்த குடும்பம். அப்ப சின்னப் பிள்ளை. இப்பவும் மார்கழியில வாடை பலமா அடிச்சா மூட்டை கட்டிடுவாங்க, தெருவுல இறங்கிடுவாங்க. பாத்துக்க வந்த புதுப் பொண்ணு பேய் பிடிச்சிருக்குன்னு ஓடியே போச்சு. இப்ப இருக்கிற பொண்ணுக்கு விஷயம் தெரியும். புயல் எச்சரிக்கை வந்தா டிவியை நிறுத்திடும், ஜன்னல்ல தடதடன்னு ஆடுற கொண்டிக்குத் துணி அடைச்சிடும், மூட்டையைப் பிடுங்காது. "நாம மேட்டுலதான் இருக்கோம் பெரியம்மா"ன்னு பக்கத்துலயே உக்காந்துக்கும்.

தொண்டிக்காரர்

எங்க பக்கம் வயசான திருநங்கை ஒருத்தங்க பக்கவாதத்துல கிடக்காங்க. வர்ற ஆளுங்க யார் குளிப்பாட்டுறதுன்னு சண்டை போட்டுட்டுப் போயிடுறாங்க. உங்க பொண்ணுங்க வருவாங்களா?

உச்சிப்புளி நர்ஸ்

வருவாங்க. யார் குளிப்பாட்டணும்னு அவங்களையே கேக்கணும், பெரும்பாலும் பொம்பளை ஆள்தான்னு சொல்வாங்க. ஒரு கை விழுந்துட்டதால தானா சவரம் பண்ண முடியாது, தாடி வளந்த முகத்தை நாலு பேர் பாக்கிறதுதான் அவங்களுக்குப் பெரிய வேதனையா இருக்கும். காலையில முதல் வேலை அது. அப்புறம் பொட்டு. மாத்திரை அதுக்கப்புறம்.

தேவிபட்டினம்

சுருக்கமா ரெண்டு தகவல். பெரியவங்களைக் கைவிட்டா, கொடுமை பண்ணினா 14567க்குப் போன் பண்ணலாம், முதியோர் உதவி எண். 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டத்துல கோட்டாட்சியர்கிட்ட மனுக் குடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. சொத்தை எழுதிக் குடுக்கும்போதே "பாத்துக்கணும்"னு நிபந்தனை போட்டிருந்து பாத்துக்காட்டி, எழுதினதை ரத்து பண்ணக் கேக்கலாம். பிரஷர், சுகர் மாத்திரைக்கு அலைய வேணாம், மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற அரசுத் திட்டத்துல 2021ல இருந்து தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டாந்து தர்றாங்க. பாத்துக்கிற பொண்ணுங்க அந்தத் தன்னார்வலரோட நம்பரை வாங்கி வெச்சுக்கணும்.

கீழக்கரையான், துபாய்

நர்ஸ் அக்கா, உம்மாகிட்ட பேசிட்டேன். 70 கணக்குக்குச் சம்மதிச்சாங்க, 300க்குத்தான் முறைக்கிறாங்க. இன்னொரு உதவி. எங்க மாமா பழைய சங்கு குளியாளி (கடல்ல முங்கிச் சங்கு எடுத்தவர்), ரெண்டு காதும் போச்சு, கத்தினாக் கோவம் வருது. ஆம்பளை ஆள் வேணும். கிடைக்குமா?

உச்சிப்புளி நர்ஸ்

குளியாளிங்களுக்கு ஆழத்துல காத்தழுத்தம் காதைக் கெடுத்துடும். கத்தக் கூடாது தம்பி. வெளிச்சம் நம்ம முகத்துல விழற மாதிரி எதிர்ல நின்னு, குரலைக் கனமா இறக்கி, மெதுவா. கடல்ல கயித்தை இழுத்துச் சைகை குடுத்துப் பழகினவர், கையைத் தொட்டுச் சொன்னா சட்டுனு பிடிச்சுக்குவார்.

ஆம்பளை ஆள்தான் கிடைக்கவே மாட்டேங்குது. பொம்பளை வேலைன்னு நினைக்கிறாங்க. இந்த வகுப்புக்கு நாலு பையனாவது வேணும், யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

பாம்பன் பாசி

என் தம்பி வருவான். மீன்பிடித் தடைக்காலத்துல சும்மாத்தான் இருக்கான். பத்தாவது ஃபெயில், பரவாயில்லையா?

உச்சிப்புளி நர்ஸ்

பரவாயில்லை. நகத்தை ஒட்ட வெட்டிட்டு, கையில கிடக்கிற மோதிரத்தைக் கழட்டி வெச்சுட்டு வரச் சொல்லு. நீயும் வா. ராத்திரி ஷிஃப்ட் பாடத்தை நீதான் எடுக்கணும், அதுக்குக் கூலி உண்டு.